அஸ்ராமாவும் ஆசிரமமும்

உங்கள் வீடுகளில் இந்தக் கூத்து நடந்து முடிந்திருக்கும், அல்லது இனிமேல் நடக்கும். பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கும். கேசரி கிண்டுவீர்கள். அக்கம்பக்கத்தார் வந்து கைகுலுக்குவார்கள். கேசரிச் சட்டியைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள் வீடு இரண்டுபட்டுவிடும். பிள்ளை தினமும் போய் வருவதா, அங்கேயே தங்குவதா?

நம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்து வாட்சப் குழுவில் யாராவது பழைய கதை எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். யாரும் எழுதுவதில்லை. காலையில் ரோஜாப்பூ, இரவில் நிலா. இந்த இரண்டு படங்களையே எல்லோரும் எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்குப் பேச வராது என்பது உங்களுக்குத் தெரியும். வகுப்பில் என் பெயரைக் கூப்பிட்டாலே எனக்கு வியர்த்துவிடும். ஆறாம் ஆண்டோடு நின்றவன் என்றாலும், பேப்பர் படித்துப் படித்து எழுதக் கொஞ்சம் வருகிறது. ஆகவே எழுதுகிறேன். நீளமாக இருக்கிறதே என்று கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு ஓடாதீர்கள்.

என் மகளுக்குக் கோலாலம்பூர்ப் பக்கம் இடம் கிடைத்திருக்கிறது. நாங்கள் இருப்பது கோலா சிலாங்கூரில். தங்குவதற்குப் பல்கலைக்கழகமே அறை தருகிறது. வேண்டுமா, வேண்டாமா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் இணையத்தில் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அறை வேறு பிள்ளைக்குப் போய்விடும். ஒரு பொத்தானை அழுத்துகிற வேலை. அதற்கு என் வீட்டில் நடந்த கூட்டங்களைப் பார்த்தால் நாட்டுக்கே புதிதாகச் சட்டம் எழுதுகிறார்கள் என்று நினைப்பீர்கள்.

மகள் தன் கையால் சமைத்த சோற்றைத்தான் சாப்பிட வேண்டும் என்பது மனைவியின் ஆசை. அதனால் தினமும் போய் வரட்டும் என்கிறாள். மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறார். சாலைகளைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

"ஈஜோக் வழியா அடிச்சு, சுங்கை பூலோவுல காடிய போட்டுட்டு ரயில் ஏறிட்டா முடிஞ்சு போச்சுலா மச்சான். இதுக்குப் போய் ரூம் எதுக்கு?"

காலையில் அந்தச் சாலையில் நிற்கிற நெரிசலை நான் பார்த்திருக்கிறேன். அவர் எப்போது போனார் என்று கேட்டால், பெருநாள் அன்று காலையில் போனாராம். ஊரே காலியாகக் கிடக்கும் நாளில் காரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து கணக்குச் சொல்கிற மனிதரிடம் என்ன பேசுவது?  சோற்றைப் பிசைந்தேன்.

கூடத்தில் சாய்வு நாற்காலியில் என் அப்பா இருந்தார். அவருக்கு எண்பதை நெருங்குகிறது. ஒரு காது சுத்தமாகக் கேட்காது, இன்னொரு காதில் தனக்கு வேண்டியது மட்டும் விழும்.

"என்னடா சொல்றானுங்க?" என்றார்.

மகள் அவருடைய நல்ல காதுப் பக்கம் போய்க் குனிந்து, "தாத்தா, நான் யூனிவர்சிட்டி அஸ்ராமாவுல தங்குறதா, இங்கிருந்து போயிட்டு வர்றதான்னு பேசுறாங்க" என்றாள்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆசிரமமா? எதுக்கு? நான் இன்னும் சாவலையே!"

நாற்பது வருடத்துக்கு முன்னால், இதே வாயிலிருந்து, இதே வாக்கியத்தைக் கேட்டவன் நான். ஒரு சொல்கூட மாறவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டேன்.

உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். நாம் ஆறாம் ஆண்டு முடித்த வருடம் அது. சபாக்கிலிருந்து உள்ளே தள்ளி, எண்ணெய்க்குப் பயிரிடும் செம்பனைக்கு நடுவில் நம் தோட்டம். இடைநிலைப்பள்ளி சபாக் பட்டணத்தில். தமிழ்ப்பள்ளியிலிருந்து போகிறவர்கள் முதலில் ஒரு வருடம் புகுமுக வகுப்பில் உட்கார வேண்டும். அந்தப் பள்ளியில் பிள்ளைகள் தங்கிப் படிக்க ஓர் இடம் உண்டு. அதில் எனக்கு ஒரு கட்டில் கிடைத்திருப்பதாகத் தலைமையாசிரியர் சைக்கிளை மிதித்துக்கொண்டு நம் வரிசை வீடுகள் இருந்த லயத்துக்கே வந்து சொன்னார். நெற்றியெல்லாம் வியர்வை, முகமெல்லாம் சிரிப்பு.

"உங்க பையனுக்கு அஸ்ராமாவுல இடம் கெடைச்சிருக்கு" என்றார்.

மலாயில் அஸ்ராமா என்றால் மாணவர்கள் தங்கும் இடம். தலைமையாசிரியருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அப்பாவுக்குத் தெரிந்த சொல் ஒன்றுதான். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுகிற இடத்துக்குத் தோட்டத்தில் ஆசிரமம் என்று பெயர். அப்பா அப்போதுதான் பழம் வெட்டிவிட்டு வந்திருந்தார். கையில் இருந்த அரிவாளைச் சுவரில் சாத்திவிட்டுச் சொன்னார்.

"எதுக்கு சார்? நான் இன்னும் சாவலையே!"

தலைமையாசிரியர் படித்தவர். நல்ல தமிழில் சொன்னால் விளங்கும் என்று நினைத்துவிட்டார். "அப்படி இல்லைங்க. இது மாணவர் விடுதி" என்றார். விடுதி என்ற சொல்லை நம் தோட்டத்தார் படக்கொட்டகையில் மட்டும்தான் கேட்டிருக்கிறார்கள். வில்லன் கதாநாயகியின் தங்கையைக் கூட்டிக்கொண்டு போகிற இடம் அது. அம்மா உள்ளே இருந்து, "விடுதியா?" என்று அலறிக்கொண்டு வெளியே வந்தார். தலைமையாசிரியர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைசி முயற்சியாக, "ஹாஸ்டல் அம்மா, ஹாஸ்டல்" என்றார்.

அடுத்த வீட்டுப் பெரியம்மா வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். "ஆஸ்பத்திரியா? பிள்ளைக்கு என்னா சீக்கு?" என்று கேட்டார்.

மூன்று மொழியில் சொல்லிப் பார்த்தும் விளங்கவைக்க முடியாமல் அந்த நல்ல மனிதர் சைக்கிளில் ஏறிப் போனார். "ஒரு தடவை நீங்களே போய் நேர்ல பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பாருங்கள், அங்கே நின்ற எல்லோரும் பேசினார்கள். நான் அரிவாளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். உனக்குப் போக வேண்டுமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

எனக்குப் போக வேண்டும். அங்கே இரண்டு அடுக்குக் கட்டில் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எனக்கு மேல் கட்டில் வேண்டும். இரவு ஒன்பது மணிக்கெல்லாம் மின்சார இயந்திரத்தை நிறுத்தி லயத்தையே இருட்டாக்கிவிடும் நம் தோட்டத்தைப் போல் இல்லாமல், அங்கே நினைத்த நேரத்துக்கு விளக்கு எரியும் என்றும் கேள்விப்பட்டிருந்தேன். இதையெல்லாம் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். எனக்கு எங்கே வாய் திறந்தது?

அந்த வாரம் முழுக்க லயத்தில் நான்தான் பேச்சு. "அவன் பிள்ளைய ஆசிரமத்துல விடப் போறானாம்." அம்மாவிடம் வந்து ஒவ்வொருவராக விசாரித்தார்கள். வீட்டில் ஏதாவது சண்டையா? அப்பாவுக்கு வேலை போய்விட்டதா? மேல் லயத்து அத்தை ஒருவர் நேராகவே கேட்டார். "ஒரு வாய் சோறு நாங்க போட மாட்டோமா? என்கிட்ட குடுத்துரு. என் பிள்ளைங்களோட பிள்ளையா வளந்துட்டுப் போறான்."

அம்மா அழுதார். எனக்கு மட்டும் நல்ல காலம். போகிற வீட்டிலெல்லாம் வடை, புட்டு, கருவாட்டுக் குழம்பு. தலையைத் தடவிக் கொடுத்துத் தட்டில் போட்டார்கள். "நல்லா சாப்புடு ஐயா, அங்க என்னா போடுவானுங்களோ." நான் அம்மா அப்பா உயிரோடு இருக்கும்போதே அநாதையாகி, அதனால் கொஞ்சம் சதையும் போட்டேன். அது அப்படி இல்லை என்று விளக்க எனக்குக் கூச்சம். விளக்கினால் வடை நின்றுவிடும் என்பதும் ஒரு காரணம்.

ஆனால் அம்மா அழுகைக்கு நடுவிலும் ஒரு காரியம் செய்தார். சபாக் போன ஒருநாள், நீல நிறத் தகரப் பெட்டி ஒன்றை வாங்கி வந்து, சாக்கைப் போட்டு மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தார். மூடியில் இரண்டு வாத்து வரைந்திருந்தது. அப்பா வேலைக்குப் போனதும் நான் அடியில் ஊர்ந்து போய் அதைத் திறந்து மூடித் திறந்து பார்ப்பேன். புதுப் பெயிண்ட் வாசம் மூக்கில் ஏறும். கொண்டி 'டக்' என்று விழும். அந்தச் சத்தத்துக்காகவே திறப்பேன். அம்மாவுக்கு நான் போவதில் இஷ்டமா, இல்லையா? கடைசிவரை அவரும் சொல்லவில்லை. பெட்டி வாங்கினார். அழுதார். இரண்டையும் வைத்து நாமே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

அப்பா ஒருவழியாக நேரில் பார்க்கக் கிளம்பினார். தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் மண்டோரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். திரும்பி வந்ததும் லயமே எங்கள் வாசலில் கூடியது. அப்பா முக்காலியில் உட்கார்ந்து விவரம் சொன்னார்.

"எல்லாப் பயலும் வெள்ளை உடுப்பு. மணி அடிச்சா எந்திரிக்கிறானுங்க, மணி அடிச்சா உக்கார்றானுங்க. கையில ஆளுக்கொரு தட்டு. வரிசையா நின்னு தட்டை நீட்டுறானுங்க."

"ஐயோ பாவம்" என்றார் பெரியம்மா.

"ஒரு பெரிய ரூம்புல எல்லாம் சுவத்தப் பாத்து உக்காந்திருக்கானுங்க. ஒருத்தன் வாய் பேசல."

"தியானம் பண்றானுங்க போல" என்றார் மண்டோர். அவரும் கூடப் போய்ப் பார்த்தவர்தானே!

பள்ளிச் சீருடை வெள்ளை. சாப்பாட்டு நேரத்தில் வரிசை. படிப்பு நேரத்தில் மேசையில் உட்கார்ந்து பாடம் படிக்கிறார்கள். இவ்வளவுதான். அத்தனையையும் கண்ணால் பார்த்துவிட்டு, ஆசிரமம் என்பதற்கு ஒவ்வொன்றையும் சாட்சியாக்கிக்கொண்டு வந்திருக்கிறார். நேரில் போய்ப் பாருங்கள் என்று சொன்ன தலைமையாசிரியரை என்ன செய்வது!

"வெளிய வரும்போது கேட்டுப் பக்கத்துல நம்ம பையன் ஒருத்தன் நின்னுக்கிட்டிருந்தான்" என்றார் அப்பா. "என்னையப் பாத்து, 'யாரு வேணும்'னு கேட்டான்."

கூட்டம் மேற்கொண்டு கேட்கக் காத்திருந்தது.  அப்பா தோளில் இருந்த துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"வேணாம். இங்கிருந்தே போயிட்டு வரட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தப் பையன் கேட்டதில் என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. யாருக்கும் விளங்கவில்லை. கூட்டம் கலைந்தது. மறுநாளிலிருந்து வடையும் நின்றது.

போய்வரும் ஏற்பாட்டை அப்பாவே செய்தார். விடிகாலையில் பழம் ஏற்றிக்கொண்டு போகும் லோரி. அதன் டிரைவருக்கு ஒரு நல்ல சேவலைப் பிடித்துக் கொடுத்து, என்னைச் சபாக்கில் இறக்கிவிடச் சொன்னார். லோரி மத்தியானத்துக்கு முன்னால் திரும்பிவிடும். பள்ளி விட்டதும் நான் அதே லோரியில் வீட்டுக்கு வந்துவிடலாம். அருமையான ஏற்பாடு. மண்டோர் பாராட்டினார். ஆபீசில் கணக்கெழுதும் கிராணிகூடப் பாராட்டினார்.

முதல் நாள் பழக்குலைகளுக்கும் டிரைவருக்கும் நடுவில் உட்கார்ந்து போய் இறங்கினேன். பள்ளி வாசலில் இருந்த காவலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். புகுமுக வகுப்பு மத்தியானப் பள்ளி என்றார். மத்தியானம் வா என்றார்.

புகுமுக வகுப்பு தொடங்குவதே லோரி திரும்பிப் போன பிறகுதான். விடுவது பொழுது சாயும் நேரத்தில். அப்பா, மண்டோர், கிராணி, லோரி டிரைவர், சேவல் என்று இத்தனை பேர் சேர்ந்து செய்த ஏற்பாட்டில், பள்ளிக்கூடம் எத்தனை மணிக்கு என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

ஏற்பாட்டை மாற்றினார்களா? இல்லை. சேவல் கொடுத்தாகிவிட்டது. விடிகாலையில் போய் இறங்கி, மத்தியானம்வரை ஒரு சீனர் கடையின் முன்னால் இருக்கும் அஞ்சடி நடைபாதையில் உட்கார்ந்திருப்பேன். காப்பிக் கொட்டை வறுக்கும் புகை, பக்கத்தில் கருவாட்டுக் கடையின் நாற்றம், எதிரே முடிவெட்டும் கடையிலிருந்து பவுடர் வாசம், மூன்றும் கலந்து வெயில் ஏற ஏறத் தலையைச் சுற்றும். சபாக் என்றால் இன்றும் எனக்கு அந்த வாசம்தான். கடைக்காரரின் மனைவி சில நாள் என்னைக் கவனித்துவிட்டு வந்து, அம்மா அப்பா இல்லையா என்று மலாயில் கேட்டார். உண்டு என்று சொல்ல வாய் வரவில்லை. தலை குனிந்தேன். அவர் அதை இல்லை என்று எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் ஒரு தேங்காய்ப் பூ வைத்து அவித்த பாவ் ரொட்டி கொண்டு வந்து கையில் வைத்துவிட்டுப் போவார்.

ஆசிரமத்தில் விட மாட்டேன் என்ற அப்பா, கடை அஞ்சடியில் என்னை அநாதையாக விட்டிருந்தார். அவருக்கு அது தெரியாது.

சாயங்காலம் பஸ்ஸைப் பிடித்துத் தோட்டத்து முனையில் இறங்கினால், அப்பா சைக்கிளோடு நிற்பார். விடியும் முன்னே பழம் வெட்டப் போன மனிதர், சைக்கிள் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்குவார். நான் தொட்டால் திடுக்கிட்டு விழிப்பார். வழியில் நானும் பேச மாட்டேன், அவரும் பேச மாட்டார். பஸ் கிளம்பும்போது பள்ளியின் பின்பக்கம் தெரியும். அங்கே மேல் கட்டில்களின் ஜன்னல்களில் வரிசையாகத் துண்டுகள் தொங்கும். விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும். அதையும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

மழைக்காலம் வந்ததும் வாய்க்கால் பெருகிச் செம்மண் சாலை சேறானது. லோரி பாதி நாள் வரவில்லை. வந்த நாளில் பஸ் வரவில்லை. ஒருநாள் நான் முனையில் இறங்கியபோது அப்பா இல்லை. பஸ் தாமதமானதால் என்னைத் தேடி மண்டோரோடு சபாக் போய்விட்டார். நான் இருட்டத் தொடங்கிய செம்பனைக்குள் தனியாக நடந்து வந்து சேர்ந்தேன். பாதி வழியில் அம்மா விளக்கோடு ஓடி வந்தார். என்னை ஓர் அறை அறைந்துவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அத்தோடு முடிந்தது. அடுத்த வாரம் நான் மரத்தடியில் உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

வாத்துப் பெட்டியில் அம்மா அரிசி போட்டு வைத்தார். வெகுகாலம் சோற்றில் பெயிண்ட் வாசம் அடித்தது. அப்பா ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டார். தோட்டத்தை விற்று எல்லோரையும் கிளப்பியபோது அந்தப் பெட்டி எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன். மறுநாள் பொத்தானை அழுத்த வேண்டும். மச்சான் புதுத் திட்டத்தோடு வந்திருந்தார்.

"சுங்கை பூலோ வேணாம். பிள்ளை என் வீட்டுல தங்கட்டும். ரவாங்ல இருந்து கொமுட்டர். டிரேன்லயே தூங்கிக்கிட்டு போகலாம்லா."

"தூங்கிட்டா எங்க எறங்குவா?" என்றாள் மனைவி.

"அலாரம் வைக்கட்டும்!"

"அந்த டிரேனு நேரத்துக்கு வருதா மொதல்ல?"

"வரும், வரும். வராட்டி நான் காடியில கொண்டு போயி விடறேன்."

"நீங்கதான் காலையில ஷிப்ட்டுல இருப்பீங்களே."

"அது அப்ப பாத்துக்கலாம்."

அப்ப பாத்துக்கலாம்! எனக்குச் சேவல் நினைவு வந்தது.  அந்த வீட்டில் யாரும் கேட்டிராத குரலில், "பத்து மணிக்கு வகுப்பா, எட்டு மணிக்கா? எப்ப விடுவாங்க? யாராச்சும் கேட்டீங்களா?" என்று கத்திவிட்டேன். மச்சானின் கையில் இருந்த தேநீர் சிந்தியது. மனைவி என்னைப் புதிதாகப் பார்த்தாள்.

"அவ அஸ்ராமாவுலதான் இருக்கணும்" என்றேன். "மேல் கட்டில் வாங்கிக்கட்டும்."

"அப்பா" என்றாள் மகள். "மேல் கட்டில் எல்லாம் இல்லப்பா. சிங்கிள் பெட்டுதான். அப்புறம், நீங்களும் என்னைக் கேக்கல."

அதுவும் சரிதான்.  "சரி, சொல்லு" என்றேன்.

"எனக்கு அங்க தங்கணும். லேப் முடிய இருட்டிடும்னு சீனியர்ஸ் சொல்றாங்க. ஆனா தாத்தா மூஞ்சைப் பாருங்க. இப்படி விட்டுட்டு என்னால போக முடியாது."

அப்பா சாய்வு நாற்காலியில் துண்டை மடித்துக்கொண்டிருந்தார். மடித்தார், பிரித்தார். நான் அவரிடம் போய், நாற்பது வருடமாக நெஞ்சில் வைத்திருந்த விளக்கத்தைச் சொல்லத் தயாரானேன். அஸ்ராமா வேறு, ஆசிரமம் வேறு. மலாய் வேறு, தமிழ் வேறு. மகள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவருடைய நல்ல காதுப் பக்கம் தரையில் உட்கார்ந்தாள்.

"தாத்தா, ஆசிரமம்னா உங்களுக்கு ஏன் இவ்ளோ கோவம்?"

இவ்வளவுதான் கேட்டாள். யாரும் கேட்காத கேள்வி அது. அப்பா துண்டை மடியில் வைத்தார். பிறகு, ஏதோ நேற்று நடந்த விஷயம்போலச் சொன்னார்.

"எங்கம்மா செத்ததும் எங்கப்பாரு என்னைய ஒரு ஆசிரமத்துல கொண்டாந்து விட்டாரு. வெள்ளிக்கிழமை வர்றேன்னாரு. எந்த வெள்ளிக்கிழமைன்னு சொல்லல."

மச்சான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்டுப் பக்கத்துல போயி நிப்பேன். சாப்பாட்டு மணி அடிச்சாலும் போக மாட்டேன். கடைசியில ஒருநா வந்தாரு. தாடி வச்சிருந்தாரு, இளைச்சிப் போயி... எனக்கு ஆளு தெரியல. 'யாரு வேணும்'னு கேட்டுட்டேன்." அப்பா சிரிப்பதுபோல ஒரு சத்தம் போட்டார். "பெத்தவரையே கேட்டேன். அவரு அழுவுறாரு."

சபாக் பள்ளியின் கேட்டருகில் நின்ற பையன் எனக்கு நினைவுக்கு வந்தான். அன்று அப்பா மடித்த துண்டும்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் வந்தது அதுதான். "ஏம்ப்பா, இதை அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றேன்.

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ கேக்கலையே. போகணும்னு நீயும்தான் ஒரு வார்த்தை சொல்லல."

 அவர் மடியிலிருந்த துண்டை எடுத்து நானும் மடித்தேன். 

அப்பா மகளின் தலையில் கை வைத்தார். "போ பாப்பா. நல்லா படி. ஆனா இன்னைக்கு வர்றேன், நாளைக்கு வர்றேன்னு நாள் மட்டும் சொல்லாத. வந்தா வா."

"சரி தாத்தா" என்றாள். அங்கேயே, அவர் மடியில் கைப்பேசியை வைத்து, பொத்தானை அவரையே அழுத்தச் சொன்னாள். கண் தெரியாமல் அவர் தப்பான இடத்தில் அழுத்த, அது மலாயிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறிவிட்டது. மறுபடி அழுத்தினார். மச்சான், "இதுக்கு மேல ரவாங் ரெண்டு ஸ்டேஷன்தான், எதுக்கும் சொல்லி வச்சேன்" என்று ஏதோ சொன்னார். எதற்கு மேல் இரண்டு ஸ்டேஷன் என்று யாரும் கேட்கவில்லை.

அவளைக் கொண்டுபோய் விட்ட அன்று அப்பாவும் வந்தார். கட்டடங்களை அண்ணாந்து பார்த்தார். அங்கே சாப்பாட்டுக் கடையில் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்பதைக் கண்டதும் என் தோளைத் தட்டினார். "நான் அப்பவே சொன்னேன் பாத்தியா? ஆசிரமம்தான்டா. இது பெரிய ஆசிரமம்." 

இப்போது என் பாடு இதுதான். மகள் நாள் சொல்வதில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாள். ஆனால் அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை என்று ஒன்று இருக்கிறதே! மத்தியானம் ஆனதும் நாற்காலியை வாசலில் போடச் சொல்வார். கேட்டை அகலத் திறந்து வைக்க வேண்டும். சாத்தினால் எழுந்து போய்த் திறக்கிறார். விழுந்து வைக்கப்போகிறாரே என்று நானே திறந்து வைக்கிறேன். திறந்து வைத்தால் எதிர்வீட்டு நாய் உள்ளே வந்து செருப்பைத் தூக்கிக்கொண்டு போகிறது. என் செருப்பைத்தான். வேறு யார் செருப்பும் அதற்குப் பிடிப்பதில்லை.

போன வெள்ளிக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் முதுகில் பையோடு ஓர் உருவம் கேட்டருகில் வந்து நின்றது. அப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். நிஜமாகவே தெரியவில்லையா, வேண்டுமென்றே கேட்டாரா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"யாரு வேணும்?" என்றார்.

"நீங்கதான்" என்றாள் மகள்.

அப்பா தலையை ஆட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "என்னடா மரம் மாதிரி நிக்கிற? சாத்து கேட்டை" என்றார்.

சாத்தினேன். அதற்குள் நாய் என் வலது கால் செருப்போடு தெருமுனைக்குப் போய்விட்டிருந்தது.